காப்பு கட்டிய வாரம்

இலங்கையில் மாத்தளைக்கு மேலே, ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில், பஸ் விடும் இடத்திலிருந்து இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், நடந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். இப்போது நான் இருக்கும் நீலகிரிக்குக் கோடை வந்தால் போதும், குளுகுளுவென்று இருக்கிறதே என்று சமவெளி ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். மலையில் கோடை என்றால் என்னவென்று அவர்களிடம் யார் சொல்வது? எங்கள் தோட்டத்தில் கோடை என்றால் பீலி வற்றுவது.

ஊற்றிலிருந்து குழாய் வழியாக இறங்கி, வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கீழே விழும் தண்ணீரைத்தான் பீலி என்போம். இருபது வீட்டுக்கும் அது ஒன்றுதான். தைப்பொங்கலுக்கு அதன் அடியில் தலையைக் கொடுத்தால் மண்டை வலிக்கும். மாசியில் மாத்தளைத் தேர் முடிந்து வீடு திரும்பும்போது அது விரல் தடிமனுக்கு வந்திருக்கும். பங்குனியில் ஒரு வாளி நிறைவதற்குள் ஒருத்தி இன்னொருத்தியின் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டி முடித்துவிடலாம். அம்மா காலையில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் முன்பே என்னை வரிசையில் உட்கார வைத்துவிடுவாள். பள்ளிக்கூடத்துக்கு நான் எப்போது போவேன் என்பது பீலியின் கையில் இருந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது.

தேயிலையும் அப்படித்தான். கொழுந்து வராது. வந்ததும் வெயிலில் கருகும். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மற்ற நாட்களில் ஆண்கள் மேலே போய், தீ இறங்காமல் இருக்க மானாப்புல்லை வெட்டிச் சுத்தம் செய்வார்கள். அப்படியும் எங்காவது எரியும். பகல் முழுக்கப் புகை வாசம் துணியில் ஏறி இருக்கும். அந்த வருஷங்களில் மாவும் சரியாகக் கிடைக்காது. அம்மா தட்டும் ரொட்டியைத் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் அடுப்பு தெரியும் என்று அப்பாவே கேலி செய்வார். மரவள்ளிக் கிழங்கு அவித்து, பச்சை மிளகாயும் உப்பும் வைத்துச் சாப்பிட்டு, வெறும் தேத்தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டோம். இதையெல்லாம் அழகாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பசித்தவளுக்கு அதில் ஓர் அழகும் தெரியவில்லை.

ஆனால் பசி பொறுக்கக் கூடியதுதான். அந்த வருஷத்துக் கோடையில் என் அக்காவுக்கு நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

அக்காவைக் கட்டிக் கொடுத்தது வேறு எங்கும் இல்லை, எங்கள் தோட்டத்திலேயே மேல் லயத்தில். மச்சானும் அவளும் ஒரே மலையில் வேலை செய்து பழகியவர்கள். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, பாய் விரித்துச் சோறு போட்டோம். பதிவு செய்யவில்லை. எங்கள் ஆட்கள் யாருமே செய்வதில்லை. ஊரே பார்க்கத் தாலி ஏறின பிறகு கடுதாசி எதற்கு என்று இருந்துவிட்டோம். அந்தக் கடுதாசி எதற்கு என்று பின்னால் தெரிந்தது.

அப்பா அதற்கு முன்பே இந்தியாவுக்குப் போக மனு எழுதிப் போட்டிருந்தார். இங்கே நமக்கு என்ன இருக்கிறது, போய்விடலாம் என்று அன்று பாதித் தோட்டம் எழுதியது. அவருடைய மனுவில் நான்கு பேர்: அப்பா, அம்மா, அக்கா, நான். மச்சான் வீட்டார் இங்கேயே இருக்க எழுதி, சிலோன் பிரஜாவுரிமையும் வாங்கியிருந்தார்கள். அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தபோது தோட்டத்து ஆபீஸ் ஐயா அதை மச்சான் பெயரில் பதிந்தார். ஆக, லயத்தில் அவர்கள் மூன்று பேரும் ஒரே குடும்பம். காகிதத்தில் புருஷனும் பிள்ளையும் ஒரு நாடு. அக்கா இன்னும் கல்யாணமாகாத பெண்ணாக, அப்பாவோடு சேர்ந்து வேறு நாடு.

இதைச் சரி செய்ய வேண்டும் என்று முதலில் சொன்னது தோட்டத் தலைவர்தான். தொழிற்சங்கத்து ஆள், நாலு ஆபீஸ் ஏறி இறங்கியவர். அக்காவின் பெயரை அப்பாவின் மனுவிலிருந்து பிரித்து மச்சானோடு சேர்க்கச் சொல்லி அவரே எழுதிப் போட்டார். பதில் வரும் வரும் என்று மாதங்கள் போயின.

பங்குனி பிறந்ததும் லயத்தில் அம்மை இறங்கியது.

முதலில் கீழ் லயத்தில். ஒரே வாரத்தில் இரண்டு குழந்தைகள் போயின. இரண்டும் பால்குடிக் குழந்தைகள். "அம்மா வந்திருக்கு" என்று சொன்னார்களே தவிர ஒருவரும் நோய் என்று சொல்லவில்லை. வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினார்கள். தலை வாரவில்லை. டிஸ்பென்சரிக்கும் கொண்டுபோகவில்லை. அம்மா விளையாடும்போது ஊசி போட்டால் கோபம் கூடும் என்பதில் எல்லோருக்கும் ஒரே நம்பிக்கை. எனக்கும்தான். இன்று பெரிய மனுஷி போலப் பேசுகிறேன், அன்று நானும் ஓடிப்போய் வேப்பிலை பறித்தவள்.

பீலியும் வற்றி, குழந்தைகளும் போனதும், திருவிழாவை முன்னால் இழுத்து வைப்பது என்று தோட்டம் கூடி முடிவு செய்தது. கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். கரகம் தூக்குவதற்கு அப்பாவைக் கேட்டார்கள். அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர், வாயில்லாப் பூச்சி, குடிக்காதவர். தோட்டத்தில் குடிக்காத ஆண்பிள்ளையைத் தேடினால் அதிகம் கிடைக்காது. மஞ்சள் துண்டை மஞ்சள் நூலில் கோர்த்து அவர் மணிக்கட்டில் காப்பு கட்டினார்கள். எட்டு நாள். காப்பு கட்டியவர் கோயிலிலேயே படுத்து, ஒரு வேளை சாப்பிட்டு, தோட்டத்து எல்லையைத் தாண்டாமல் இருக்க வேண்டும். தாண்டினால் மாரியம்மா குற்றம் பிடிப்பாள். எங்கே பிடிப்பாள் என்று கேட்க வேண்டியதில்லை. நேர்ந்துகொண்டவனின் பிள்ளை, பேரன் என்று அவன் ரத்தத்தில்தான்.

காப்பு கட்டிய மறுநாள் அக்காவின் பிள்ளைக்கு உடம்பெல்லாம் முத்து போட்டது. எட்டு மாதக் குழந்தை. அதற்கு மறுநாள் கடிதம் வந்தது.

தோட்டத்து ஐயா கடிதத்தைப் படித்துத் தமிழில் சொல்ல, தலைவர் ஓட்டமும் நடையுமாகக் கோயிலுக்கு வந்தார். வருகிற திங்கட்கிழமை காலை கண்டியில் உள்ள ஆபீஸில் விசாரணை. மனுதாரரான அப்பாவும் அக்காவும் நேரில் வர வேண்டும். எங்கள் மலையிலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையே இறங்கி, வெளியில் ஒரு ராத்திரி தங்கியாக வேண்டும்.

"அண்ணே, இந்தத் தேதிய விட்டா மறுபடி கெடைக்கும்னு சொல்ல முடியாது" என்றார் தலைவர். "காப்ப அவுத்து அம்மா காலடியில வச்சிட்டுப் போங்க. அவ தாய்தானே, மன்னிச்சிருவா."

அப்பா கம்பத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மச்சானும் வந்து கோயிலுக்கு வெளியிலேயே நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. "மாமா, நீங்க என்ன சொல்றீங்களோ அதான். எனக்கு ஒன்னும் ஓடமாட்டேங்குது" என்றார்.

என் அம்மாதான் கொஞ்சம் தைரியமாகப் பேசினாள். "போயிட்டு வந்துருவமே. அவ தலையெழுத்தே அந்தக் கடுதாசியிலதான இருக்கு?"

"போற வழியில புள்ளைக்கு ஒன்னு ஆச்சுன்னா?" என்றார் அப்பா.

அக்காவைக் கேட்டுவிடலாம் என்று என்னை அனுப்பினார்கள். அம்மை வீட்டுக்குள் போய் வந்தவர் கோயிலுக்குள் வரக்கூடாது என்பதால் நான் வாசலில் நின்றபடியே கத்தினேன். அக்கா குழந்தையை வாழை இலையில் கிடத்தி, வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொண்டிருந்தாள். குழந்தையின் கண் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. முந்தின நாளிலிருந்து பால் இழுக்கவில்லை, துணியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். அவள் முட்டாள் இல்லை, கடிதம் என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"காப்ப அவுக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு" என்றாள். "கடுதாசி போனா வேற கடுதாசி எழுதிக்கலாம். புள்ள போனா யாரு குடுப்பா?"

நான் அதை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னேன். ஒன்றையும் இங்கே மறைக்கப் போவதில்லை. சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அப்பா கரகம் தூக்கும்போது பக்கத்தில் வேப்பிலை பிடித்து நடக்கப்போவது நான். தோட்டமே என்னைப் பார்க்கப் போகிறது. அவர் கண்டிக்குப் போய்விட்டால் அது நடக்காது. பதினொரு வயதுப் பிள்ளையின் புத்தி அவ்வளவுதான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன், பாதி நாள் சமாதானமாக மாட்டேன் என்கிறது.

தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். வேறு தேதி கேட்டு, பிள்ளைக்குச் சுகமில்லை என்று தந்தி அடிக்க ரத்தோட்டைக்கு இறங்கிப் போனார். திங்கட்கிழமை காலை கீழே பாதையில் பஸ் ஹார்ன் கேட்டது. அப்பா கோயில் வாசலில் குந்தியிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

புதன்கிழமை குழந்தை கண் திறந்தது. அக்கா மார்பில் சேர்த்ததும் வாய் வைத்தது. அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு, போய்விட்டது என்று நினைத்து நாங்கள் எல்லோரும் அவள் வாசலுக்கு ஓடினோம். குடித்துக்கொண்டிருந்தது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அதற்குப் பிறகு அவளிடம் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அதற்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற, சொட்டுச் சொட்டாகப் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் வீட்டுக்கு ஒரு செம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். வாளிக்காக அம்மாவின் மயிரைப் பிடித்த எதிர்வீட்டுக்காரி இரண்டு செம்பு கொண்டுவந்தாள்.

அப்பா கரகம் தூக்கினார். நான் வேப்பிலை பிடித்தேன். காப்பு அவிழ்த்து, கம்பத்தைப் பிடுங்கிக் காய்ந்த ஆற்றில் ஈரம் இருந்த இடம் தேடிப் போட்டார்கள். பத்து நாளில் இடி இடித்து மழையும் கொட்டியது. அம்மாவின் கருணை என்று தோட்டமே கையெடுத்துக் கும்பிட்டது. சித்திரையில் எங்கள் மலையில் எல்லா வருஷமும் இடி மழை வரும். அதை நினைத்துப் பார்க்க அன்று யாருக்கும் மனசில்லை, நன்றாக நனைந்தோம்.

வைகாசியில் இரண்டாவது கடிதம். குறித்த நாளில் வராததால் மனு தள்ளப்பட்டது. தந்தியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. தலைவரும் அப்பாவும் மச்சானும் கண்டிக்கு மூன்று முறை போனார்கள். முதல் முறை விசாரணை ஐயா லீவு. இரண்டாம் முறை, கல்யாணப் பதிவு எங்கே என்று கேட்டார்கள். மூன்றாம் முறை, இந்தியப் பாஸ்போர்ட் அடித்தாகிவிட்டது, இனிமேல் பதிந்தாலும் பிரயோஜனமில்லை என்றார்கள். ஏன் அன்று வரவில்லை என்று அந்த மூன்றாம் முறை ஒருவர் கேட்டாராம். அப்பா, "காப்பு கட்டியிருந்தேனுங்க" என்றிருக்கிறார். அவருக்கு விளங்கவில்லை. தலைவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அதற்கு அந்த ஐயா சிரித்தாராம். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், "சிரிச்சான் புள்ள, சிரிச்சான்."

பாஸ்போர்ட்டில் நான்கு பேர். நான்கு பேருக்கும் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டினார்கள், இனி வேலையும் இல்லை, லயமும் இல்லை. குறித்த தேதிக்குள் போகாவிட்டால் போலீஸ் வந்து ஏற்றும் என்றார்கள். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி ஏற்றியிருந்தார்கள், கொழுந்துக் கூடையோடு நின்றவளை மாற்றுச் சேலை எடுக்கக்கூட விடவில்லை. அப்படிப் போவதைவிட நாமாகப் போவோம் என்று அப்பா சொன்னபோது அக்கா ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. பிள்ளையை மறைத்துக் கொண்டுபோக முடியுமா என்று அம்மா ரகசியமாகத் தலைவரைக் கேட்டாள். தலைமன்னாரில் கப்பலில் எண்ணி ஏற்றுவார்கள், பெயர் இல்லாத குழந்தையை இறக்கிவிட்டால் அது யார் கையில் போகும் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

மச்சான் தானும் இந்தியாவுக்கு எழுதிப் போடுவதாகச் சொன்னார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, எழுதியும் போட்டார். சிலோன் பிரஜை எதற்கு இந்தியா போக வேண்டும் என்று அது கிடப்பில் கிடந்தது. பிறகு சண்டை வந்து கப்பலும் நின்றுபோனது.

அப்பாவை நான் பல வருஷம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். சிரித்த அந்த ஐயாவை, மாரியம்மாவை, தலைவரைக்கூட விடவில்லை. கல்யாணத்தைப் பதிந்திருந்தால், காப்பை அறுத்திருந்தால், ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்திருந்தால் என்று கணக்குப் போட்டுப் போட்டு மூளை தேய்ந்ததுதான் மிச்சம். அக்கா மட்டும் யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அப்பா இன்னும் கொஞ்சம் நாள் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆடியில், ரிவர்ஸ்டன் பக்கமிருந்து வரும் வறண்ட காற்று லயத்துத் தகரங்களைத் தூக்கி அடிக்கும் மாதத்தில் புறப்பட்டோம். காலை ஏழு மணிக்கு, தினமும் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் லொறி நின்றது. கட்டிப்பிடித்து அழ எல்லோரும் திரண்டிருந்தார்கள். அக்காவின் மாமியார் பேரனை வாங்கக் கை நீட்டினாள்.

"இங்க வச்சு வாங்காதீங்க அத்தே. அழுவான்" என்றாள் அக்கா. "நானே கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்."

தோட்டத்தில் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் பிள்ளைக்காம்பரா. ஆயாம்மா ஒருத்தி இருப்பாள். மத்தியானம் கொழுந்தைத் தராசில் நிறுத்ததும் பால்குடிப் பிள்ளைக்காரிகள் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலை ஏறுவார்கள். அக்காவும் தினமும் அப்படித்தான். அன்றும் அவனுக்கு முகம் துடைத்து, நெற்றியில் பொட்டு வைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். அம்மைத் தழும்பு அவன் கன்னத்தில் இன்னும் மறையவில்லை. ஆயாம்மாவைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு அவளிடம் தாவினான். வழக்கமாக வரும் இடம்தானே. கீழே இறக்கிவிட்டதும் கம்பியைப் பிடித்து நின்று, ஒரு டின் மூடியைத் தட்ட ஆரம்பித்தான். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆயாம்மா சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா வேலைக்கு நேரமானவள் போல விறுவிறுவென்று வந்து லொறியில் ஏறினாள்.

மாத்தளை ஸ்டேஷனில் எங்களைப் போலப் பல தோட்டத்து ஆட்கள் பெட்டியும் பாயுமாக இருந்தார்கள். ஒரே ஒப்பாரி. தலைமன்னாருக்குப் போகும் கோச்சிக்குள் இடம் பிடித்து உட்கார்ந்தும் அழுகை ஓயவில்லை. அக்கா மட்டும் அழவில்லை. அதைப் பார்த்து, பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் கல்லு மாதிரி இருக்கிறாளே என்று எதிர் பெஞ்சில் ஒருத்தி முணுமுணுத்தாள். எனக்கு அவள் வாயில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தது. அக்கா திடீரென்று எழுந்து நின்றாள். எங்கே போகிறாய் என்று அம்மா கையைப் பிடித்தாள். எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். இரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து, சேலையிலும் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அம்மா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள்மேல் போர்த்தி, இழுத்து உட்கார வைத்தாள்.

"கொழுந்து நிறுத்திருப்பாங்க" என்றாள் அக்கா. "இந்நேரம் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பான்."

அப்பா எழுந்து பெட்டியின் மறுகோடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கோச்சி புறப்பட இன்னும் கால் மணி நேரம் இருந்தது.